ஒல்லையூர் முல்லை

புறநானூற்றிலிருந்து ஒரு துக்கப் பாட்டுச் சொல்லுங்கள் என்று யாரைக் கேட்டாலும் முதலில் வருவது 'அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்'தான். பாரி மகளிர் பாடிய 112ஆம் பாட்டு. பள்ளிக்கூடத்தில் மனப்பாடப் பகுதியாக வந்து, சினிமாப் பாட்டுக்குள்ளும் புகுந்து, தமிழ் படித்த எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டது. அதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அழகும் இழப்பும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும் பாட்டு எது என்று கேட்டால் நான் 242ஐத்தான் சொல்வேன். அதில் நிலா இல்லை, குன்று இல்லை. ஒரு பூக்கொடி மட்டும் இருக்கிறது. மொத்தமே ஆறு அடி.

இளையோர் சூடார் வளையோர் கொய்யார்
நல்யாழ் மருப்பின் மெல்ல வாங்கிப்
பாணன் சூடான் பாடினி அணியாள்
ஆண்மை தோன்ற ஆடவர்க் கடந்த
வல்வேற் சாத்தன் மாய்ந்த பின்றை
முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே.

பாடியவர் குடவாயிற் கீரத்தனார். குடவாயில் என்பது இன்று திருவாரூர் மாவட்டத்தில் இருக்கும் குடவாசல். இறந்துபோனவன் ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன். சேர சோழ பாண்டியன் யாரும் இல்லை. கடையெழு வள்ளல் வரிசையிலும் இவன் பெயர் கிடையாது. ஓர் ஊர்த் தலைவரின் மகன், அவ்வளவுதான். புதுக்கோட்டைப் பக்கத்து ஒலியமங்கலம்தான் அந்த ஒல்லையூர் என்று சொல்வார்கள். பாண்டிய மன்னன் பூதப்பாண்டியனுக்கு 'ஒல்லையூர் தந்த', அதாவது ஒல்லையூரை வென்று தந்த, என்று ஓர் அடைமொழி உண்டு. சின்ன ஊர் என்றாலும் வேந்தர்கள் கண் வைத்த மண் என்பது அதிலிருந்து தெரிகிறது.

பொருள் எளிது. இளைஞர்கள் சூடமாட்டார்கள். வளையணிந்த பெண்கள் பறிக்கமாட்டார்கள். நல்ல யாழின் வளைந்த கோட்டால் கொடியை மெல்ல இழுத்துப் பாணன் சூடமாட்டான், பாடினியும் அணியமாட்டாள். எதிர்த்த வீரர்களைத் தன் ஆண்மை விளங்க வென்ற, வலிய வேலையுடைய சாத்தன் இறந்த பிறகும், முல்லையே, நீ பூக்கிறாயோ, இந்த ஒல்லையூர் நாட்டில்?

இப்படி உரைநடையில் சொன்னதுமே பாட்டின் பாதி போய்விட்டது. காரணம், கீரத்தனார் எதை எப்போது சொல்கிறார் என்பதில்தான் வேலையே இருக்கிறது. முதல் அடியைக் கேட்கிறவருக்கு இளைஞர்கள் எதைச் சூடமாட்டார்கள் என்று தெரியாது. பெண்கள் எதைக் கொய்யமாட்டார்கள் என்றும் தெரியாது. ஏதோ ஒரு பூ என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். ஏன் சூடமாட்டார்கள் என்பதும் சொல்லப்படவில்லை. மறுப்பு மட்டும் அடுத்தடுத்து வந்து விழுகிறது: சூடார், கொய்யார், சூடான், அணியாள். ஐந்தாம் அடிக்கு வந்த பிறகுதான் சாவு. ஆறாம் அடியில்தான் முல்லை. நமக்குப் பாட்டின் அடிக்குறிப்பும் உரையும் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. ஒருவர் பாட மற்றவர்கள் உட்கார்ந்து கேட்ட நாளில் அந்தக் கடைசி இரண்டு அடிகள் எப்படி இறங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. சாவு வீட்டில் யார் யார் வந்தார்கள், யார் எப்படி அழுதார்கள் என்று எதுவுமே இந்தப் பாட்டில் கிடையாது. ஒருவரும் அழவில்லை. ஊர் முழுக்கத் துக்கம் என்பதை, யாரும் பூ வைத்துக்கொள்ளவில்லை என்ற ஒரே செய்தியால் சொல்லிவிடுகிறார். இன்றைக்கும் நம் தெருவில் ஒரு சாவு நடந்தால் பக்கத்து வீட்டுப் பெண்கள் தலையில் பூ இல்லாமல்தான் வெளியே வருவார்கள். யாரும் சொல்லித்தருவதில்லை.

அதிலும் அந்த 'வளையோர்' என்னை நிறுத்திவைக்கிறது. கணவனை இழந்தவள் வளை களைந்துவிடுவாள். கையில் வளையோடு இருப்பவர்கள், பூச்சூட எந்தத் தடையும் இல்லாத பெண்கள். அவர்களே பறிக்கவில்லை என்கிறார். அப்படியானால் சாத்தனின் மனைவி? இருந்தால் அவள் இந்தக் கூட்டத்தில் இருக்க முடியாது. அவளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மறந்து விட்டதாக நான் நினைக்கவில்லை. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று புலவர் முடிவு செய்ததாகவே எனக்குப் படுகிறது.

பாட்டின் நடுவில் வரும் பாணனுக்கு வருவோம். நான்கு மறுப்புகளில் மூன்று மொட்டையாக நிற்கின்றன. பாணனுக்கு மட்டும் முழுதாக ஓர் அடி ஒதுக்கி, அவன் எப்படிப் பூப்பறிப்பான் என்று படம் போட்டுக் காட்டுகிறார். சங்க கால யாழ் வில்லைப் போல வளைந்த கோடு உடையது. அந்த வளைவையே கொக்கியாக்கி, எட்டாத உயரத்தில் படர்ந்த கொடியை இழுக்கிறான். அதுவும் 'மெல்ல'. 'மெல்ல' ஏன் என்பது முல்லைக் கொடியை இழுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

என் அத்தை வீட்டு வாசலில் ஒரு முல்லைக் கொடி, மாடிப்படிக் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு மொட்டை மாடி வரை போயிருந்தது. சாயங்காலமானால் தெருப் பிள்ளைகள் கிண்ணத்தோடு வந்து நிற்பார்கள். எட்டாத கிளையை மாமா தன் குடையின் வளைந்த பிடியால் இழுத்துக் கொடுப்பார். வேகமாக இழுத்தால் பாதி மொட்டு மண்ணில் உதிர்ந்துவிடும், பிள்ளைகள் கத்துவார்கள். அதனால் குனிகிற மாதிரி இழுத்து, பிடித்துக்கொண்டு நிற்பார். வேறு வேலையே இல்லாதவர் போல நிற்பார். மாவு மில் கணக்கு, வயல் தகராறு எல்லாம் உள்ளே காத்துக்கொண்டிருக்கும்.

பாணனின் காரியமும் அப்படிப்பட்டதுதான். பசியோடு ஊர் ஊராக நடக்கிறவன் யாழை நீட்டி மொட்டுப் பறித்துக்கொண்டிருக்க மாட்டான். வயிறு நிறைந்து, பரிசில் கிடைத்து, கிளம்ப அவசரமில்லாத ஒரு சாயங்காலம் வேண்டும். வள்ளல்கள் பாணர்களுக்குப் பொன்னால் செய்த தாமரைப் பூச் சூட்டுவதைப் புறநானூறு பல இடங்களில் சொல்கிறது. இங்கே அவன் தானே இழுத்துப் பறிக்கும் காட்டுப் பூ. பொற்பூ வள்ளல் கொடுப்பது. இந்தப் பூவைப் பறிக்கத் தேவைப்படும் மன நிம்மதியும் சாத்தன் கொடுத்தது என்பதை ஒரு வார்த்தை புகழாமல் சொல்லிவிடுகிறார் கீரத்தனார். பாட்டிலேயே மிக அழகான காட்சி இதுதான். அந்தக் காட்சி நடக்கவில்லை. 'பாணன் சூடான்' என்று அதை முடித்துவைக்கிறார். நடக்காத ஒன்றை இவ்வளவு பொறுமையாக வரைந்து காட்டிவிட்டு உடனே இல்லை என்பதைப் போன்ற இரக்கமற்ற காரியத்தைப் பெரிய பெரிய ஒப்பாரிகள்கூடச் செய்வதில்லை.

சரி, ஏன் முல்லை? ஒல்லையூரில் வேறு பூ இல்லையா?

சாத்தன் போர் வீரன். புறத்திணைகளுக்கே பூக்களின் பெயர்தான். வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை. 'ஆடவர்க் கடந்தவன்' தலையில் தும்பையும் வாகையும் இருந்திருக்கும். அவற்றில் ஒன்றைக் கேட்டிருந்தால் அது வீரனுக்கான சம்பிரதாய இரங்கலாக முடிந்திருக்கும். கீரத்தனார் அகத்துக்குள் கையை விட்டு ஒரு பூவை எடுத்துப் புறத்தில் வைக்கிறார்.

அகப் பாட்டில் முல்லை பூத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கார்காலம் வந்துவிட்டது, போருக்குப் போனவன் திரும்பி வரும் நேரம். தொல்காப்பியம் முல்லைத் திணைக்குக் காரையும் மாலையையும் பொழுதாக வைக்கிறது. வீட்டில் காத்திருக்கும் பெண்ணுக்கு முல்லைதான் நாள்காட்டி. அவன் சொன்ன தவணையும் அதுதான். பூ வந்து ஆள் வராவிட்டால் பிரச்சினை. ஒக்கூர் மாசாத்தியாரின் குறுந்தொகைப் பாட்டில் (126) அப்படித்தான், போனவர் வரவில்லை, கார்காலம் முல்லை மொட்டுகளைப் பல்லாக்கித் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்று தலைவி தோழியிடம் சொல்கிறாள்:

பெயல்புறந் தந்த பூங்கொடி முல்லைத்
தொகுமுகை இலங்கெயி றாக
நகுமே தோழி நறுந்தண் காரே.

இந்தப் பூ–ஆள் வழக்கில் அகப் பாட்டுகள் பெரும்பாலும் ஆளின் பக்கமே தீர்ப்புச் சொல்லும். குறுந்தொகை 66இல் தோழி, இந்தக் கொன்றை மரங்கள் முட்டாள்கள், காலம் தவறிப் பெய்த மழையைக் கார் என்று நம்பிப் பூத்துவிட்டன என்கிறாள். 21ஆம் பாட்டில் தலைவியே சொல்கிறாள்: காடு இதைக் கார்காலம் என்று சொன்னாலும் நான் நம்பமாட்டேன், அவர் பொய் சொல்லமாட்டார். பூக்கள் பொய் சொல்லலாம், அவர் சொல்லமாட்டார். என்ன ஒரு பிடிவாதம்!

242இல் அந்த வழி அடைபட்டுவிட்டது. முல்லை சரியான நேரத்துக்குத்தான் பூத்திருக்கிறது. சாத்தன் வரவேண்டிய நேரமும் அதுதான். முல்லையை முட்டாள் என்று சொல்ல முடியாது, காலம் தவறிவிட்டது என்றும் தப்பிக்க முடியாது. அவன் வரவே மாட்டான். ஒரு திணை முழுக்க எந்த நம்பிக்கையின்மேல் நிற்கிறதோ அதையே கழற்றிவிட்டு, பூவை மட்டும் அப்படியே விட்டுவைத்தால் என்ன மிஞ்சுமோ அதுதான் இந்தப் பாட்டு. இதைத் தெரியாமல் செய்திருக்கமாட்டார். அகநானூற்று 44ஆம் பாட்டு இதே கீரத்தனார் பாடியது, முல்லைத் திணை. அதில் தலைவன் தேர்ப்பாகனிடம் பேசுகிறான்: அரசன் போரை முடித்துவிட்டான், பகைவரும் திறை கொடுத்து நம்மவர் ஆகிவிட்டார்கள், தேரை விரட்டு. வீட்டுக்குத் திரும்பும் வீரனின் அவசரத்தை எழுதிய அதே கைதான் திரும்ப முடியாத வீரனின் ஊரில் பூத்த முல்லையையும் எழுதியிருக்கிறது.

அப்புறம் பிற்காலத்தில் நம் கவிஞர்கள் இந்த வம்பே வேண்டாம் என்று இயற்கையையும் அழவைத்துவிட்டார்கள். கம்பன் இதில் பெரிய ஆள். இராமன் காட்டுக்குக் கிளம்பும்போது அயோத்தியில் எது அழவில்லை?

ஆவும் அழுத அதன்கன்று அழுத அன்றலர்ந்த
பூவும் அழுத புனற்புள் அழுத

என்று தொடர்ந்து சோலை, யானை, குதிரை என எல்லாம் அழுகின்றன. 'அன்றலர்ந்த பூவும்' என்ற இடத்தில் எனக்கு எப்போதும் மெய்சிலிர்க்கும். அன்றைக்குத்தான் பூத்தது, இராமனை அது எத்தனை நாழிகை பார்த்திருக்கும், அதுவும் அழுகிறது. அழகுதான். ஆனால் அது ஆறுதல் தரும் அழகு. நம் துக்கத்தில் உலகமே பங்குக்கு வருகிறது. தலைவர் ஒருவர் இறந்த அன்று நாலு தூறல் விழுந்தால் 'வானமே அழுதது' என்று சுவரொட்டி அடிக்கிறோமே, அது கம்பன் போட்ட பாதையில் ரொம்ப தூரம் வந்துவிட்ட வண்டி.

கீரத்தனார் அந்த ஆறுதலைத் தரவில்லை. அவருடைய முல்லை அழாது, வாடாது, சாத்தன் யார் என்றே அதற்குத் தெரியாது. இரண்டில் எது உண்மை என்று கேட்டால் இதுதான் என்பேன். மாமா இறந்த ஆவணியில் மழை நன்றாகப் பெய்து கொடி அப்படிப் பூத்தது. பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை தெருப் பிள்ளைகள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அதற்கப்புறமும் வரத் தயங்கினார்கள். மொட்டுகள் கொடியிலேயே விரிந்து பழுப்பேறி உதிர்ந்துகொண்டிருந்தன. அத்தை பூவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. விளக்கு வைக்கிற நேரம் மட்டும், "அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்துடா" என்பார்கள். வாசனை அந்த வழியாகத்தான் வரும்.

சூடப்படாத பூ புறநானூற்றில் இன்னோர் இரங்கற்பாட்டிலும் வருகிறது. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய 235, 'சிறியகட் பெறினே' என்று தொடங்குவது. அதன் முடிவில், குளிர்ந்த துறையில் பூத்த பகன்றைப் பூ யாரும் சூடாமல் வீணாய்ப் போவதுபோல, பிறருக்கு ஒன்றும் கொடுக்காமலே செத்துப்போகும் உயிர்கள் மிகப் பல என்கிறார். இங்கே பூ உவமை. அதியமான் போய்விட்டான், கஞ்சர்கள் பலர் இருக்கிறார்கள் என்ற கோபம். கீரத்தனாரின் பூ எதற்கும் உவமை இல்லை. அது கொடியில் பூத்து நிற்கும் பூ. ஆனால் அதே ஔவை பாட்டில் வேறொரு வரி இருக்கிறது, அதுதான் என்னை 242க்குத் திரும்ப அனுப்பியது. 'இனிப் பாடுநரும் இல்லை, பாடுநர்க்கு ஒன்று ஈகுநரும் இல்லை' என்கிறார் ஔவை. இனிப் பாடுகிறவர்கள் இல்லையாம். இதைப் பாடிக்கொண்டே சொல்கிறார்.

இப்போது கீரத்தனாரின் பட்டியலைத் திரும்ப எண்ணிப் பாருங்கள். இளைஞர்கள் நிறுத்திவிட்டார்கள். பெண்கள் நிறுத்திவிட்டார்கள். பாணன், பாடினி இருவரும் நிறுத்திவிட்டார்கள். சாத்தன் இறந்த பிறகும் ஒல்லையூர் நாட்டில் தன் வழக்கமான வேலையைச் செய்துகொண்டிருப்பது முல்லை. இன்னொருவரும் இருக்கிறார், பட்டியலில் பெயர் வராதவர். அவர் இந்த ஆறு அடியைக் கட்டியிருக்கிறார். இளையோர்–வளையோர் என்று எதுகை பார்த்து வைத்திருக்கிறார். முல்லை–ஒல்லை என்று பூவையும் ஊரையும் ஒரே ஓசையில் கட்டியிருக்கிறார். அழகாக இருக்கிறது. துக்கத்தில் எல்லோரும் அழகைத் தள்ளி வைத்துவிட்ட ஊரில் ஒரு புலவர் அழகான ஒன்றைச் செய்துவிட்டு, நீ பூக்கலாமா என்று முல்லையைக் கேட்கிறார். அந்தக் கேள்வி கேட்டவரையும் தொடாமல் போகுமா?

இதை நான் இழுத்துப் பிடித்துச் சொல்கிறேன் என்று தோன்றலாம். 245ஆம் பாட்டையும் சேர்த்துப் படித்தால் அப்படித் தோன்றாது. சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை தன் மனைவி இறந்தபோது பாடியது. கள்ளி வளர்ந்த களர் நிலத்தில், வெட்டவெளியில், விறகு அடுக்கிய தீப்படுக்கையில் அவளைக் கிடத்திவிட்டு வந்து சொல்கிறான்: 'மாய்ந்தனள் மடந்தை, இன்னும் வாழ்வல், என் இதன் பண்பே.' அவள் போய்விட்டாள், நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன், இது என்ன இயல்பு? துக்கம் எவ்வளவு பெரியதானாலும் அது தன் உயிரைக் கொல்லும் வலிமை உள்ளதாக இல்லையே என்பதுதான் அந்த அரசனின் குறை. முல்லையிடம் கீரத்தனார் கேட்டதை மாக்கோதை நேராகத் தன்னிடமே கேட்டுக்கொள்கிறான். இரண்டு பாட்டுக்கும் நடுவில் இரண்டே பாட்டுத்தான். தொகுத்தவர் இவற்றை இவ்வளவு பக்கத்தில் வைத்திருப்பதைப் பார்க்கும்போது, துக்கத்தில் முதலில் வரும் வெட்கம் இன்னும் இருக்கிறோமே என்பதுதான் என்று அந்தக் காலத்து ஆட்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அத்தையும் சாப்பாட்டுக்கு உட்காரும்போதெல்லாம் அந்த வெட்கத்தோடுதான் உட்கார்ந்தார்கள்.

தமிழாசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர் இதை ஒப்புக்கொள்வதில்லை. பாட்டில் கோபமும் இல்லை, குற்ற உணர்வும் இல்லை, வெறும் இரக்கம்தான் என்பது அவர் கட்சி. பாவம் முல்லையே, சூட ஆளில்லாத ஊரில் போய்ப் பூத்தாயே என்று படிக்கவேண்டுமாம். பாரியை நினைத்துக்கொள் என்பார். முல்லைக்குத் தேர் கொடுத்த கதையைச் சொல்லும் புறநானூறு 200இல் கபிலர், அந்த முல்லை நாத்தழும்பேறப் பாடாவிட்டாலும் பாரி அதற்குக் கொடுத்தான் என்கிறார். அந்த மரபில் முல்லை பாணனைப் போலவே வள்ளலை நம்பி வாழும் ஓர் உயிர், பாட மட்டும் தெரியாது. சாத்தன் போனபின் பாணன் அநாதை என்றால் முல்லையும் அநாதைதான், அதனிடம் ஏன் கோபம் வரப்போகிறது என்கிறார்.

நல்ல வாதம். எனக்கு அவரிடம் உள்ள ஒரே தடை கடைசிச் சொல். வெறும் இரக்கம் என்றால் 'முல்லையும் பூத்தியோ' என்பதோடு நிறுத்தியிருக்கலாம். 'ஒல்லையூர் நாட்டே' என்று இடத்தைச் சுட்டுகிறார். வேறெங்காவது போய்ப் பூத்துக்கொள், இங்கேயா என்ற தொனி அதில் எனக்குக் கேட்கிறது. நண்பருக்குக் கேட்கவில்லை. வகுப்பில் அந்த அடியை அவர் சொல்லும்போது குரல் தாழ்ந்து, கெஞ்சுவதுபோல முடியும். நான் சொன்னால் கேள்வியாகவே நிற்கிறது. நீங்கள் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு எந்தக் கட்சி என்று எழுதுங்கள்.